கடலைப் பார்த்துத் திருப்பிய குழாய்

கார்த்திகை 5, திங்கள். 1961

காலையிலிருந்து தூறல். ஆம்பிளிபயர் பெட்டிக்கு மேல் சாக்கு, அதற்கு மேல் தார்ப்பாய். என் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. முதலாளிக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

நாளை கோட்டைப்பட்டினம் போக வேண்டும். புதன் சாயங்காலம் அங்கே கட்சிக் கூட்டம். தேர்தல் வருகிறதல்லவா, தலைவருக்குத் திடீரென்று கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. கூட்டம் போடுகிற திடலில் கரண்ட் கிடையாது, பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். மூன்று பேட்டரி கேட்டேன்.

"ரெண்டு போதும்யா. அவரு என்ன, விடிய விடியவா பேசப் போறாரு?" என்றார் முதலாளி.

இந்த மனுஷன் மைக் செட்டுக் கடை வைத்திருக்கிறாரே தவிர ஒரு கூட்டத்தில் முழுசாக உட்கார்ந்ததில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சொன்னால் முறைக்கிறார்.

எடுத்து வைத்தது: ஒலிபெருக்கிக் குழாய் 2, மைக் 1, ஸ்டாண்டு, வயர்ச் சுருள், பாட்டுப் பிளேட்டுப் பெட்டி, அதற்கு ஊசி டப்பா, கத்தி, கயிறு. குடையை மறந்தேன்.

லாரிக்காரன் வாசலில் நின்று, "ஏ மைக்கு, காலையில வெள்ளன வந்துரு" என்றான். துரைராசு என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரியைத் தவிர எவனும் அதைச் சொன்னதில்லை. அவளும் எப்படிச் சொல்வாள்? புருஷன் பெயராயிற்றே. ஆக, ஒருவரும் இல்லை.

6, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். தூறல் விடவில்லை. வானம் கடல் பக்கம் கறுத்துக் கிடக்கிறது.

கூட்டத்துக்குப் பொறுப்பு சிதம்பரம் என்று ஒருவர். கட்சிச் செயலாளராம். உள்ளூர்க்காரர் இல்லை. சகதியில் வேட்டி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வந்ததும் வராததுமாக ஒரு சண்டை.

திடலில் இரண்டு பனைமரம். ஒன்றில் ரோட்டைப் பார்த்து ஒரு குழாய், இன்னொன்றில் மீன்காரர் குடிசைகளைப் பார்த்து ஒரு குழாய். கேட்கப் போகிறவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்? இறங்கினேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டையும் ரோட்டுப் பக்கம் திருப்புய்யா. தலைவர் காரு அங்கிட்டுத்தான வருது. குழாய் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா என்ன மரியாதை?"

"குழாய்க்கு ஏதுங்க முதுகு?"

"எதுத்துப் பேசாத. ஒன் வேலையைப் பாரு."

நனைந்த மரத்தில் மறுபடி ஏறினேன். திருப்பினேன். முழங்காலில் சிராய்ப்பு. இனி ரோட்டில் போகிற மாடுகளுக்கு நன்றாகக் கேட்கும்.

அதோடு விட்டாரா? பேட்டரி இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கட்சி ஆபீஸ் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எதிர்க்கட்சிக்காரன் வயரை அறுப்பானாம், பேட்டரியைக் கவிழ்ப்பானாம். சாவி அவர் இடுப்பில். பேட்டரி என் பொறுப்பு என்று சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ஒன்று கொடுத்திருக்கலாம்.

படுக்கை காதர் பாய் டீக்கடையில். நல்ல மனுஷன். நனைந்த சட்டையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் கைலி ஒன்றை எடுத்துப் போட்டார். வடை நேற்றுப் போட்டது. அதற்கென்ன.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் காற்று பிடித்தது. கொட்டகைத் தகரம் ஒன்று பறந்துபோய் வேலியில் விழுந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. ஒன்று மட்டும் வரவில்லை. நாகலிங்கம் என்பவருடைய படகு. அவர், அவர் தம்பி கருப்பையா, சன்னாசி என்று ஒரு வயசாளி. மூன்று பேர்.

நாகலிங்கத்தின் பெண்சாதி அஞ்சம்மாள் கடைக்கு வந்தாள், மண்ணெண்ணெய் வாங்க. கரையில் தீ மூட்டப் போகிறாளாம். "இந்த மழையில எரியுமா ஆத்தா?" என்றார் பாய். "எரியிற வரைக்கும் எரியட்டும் பாய்" என்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, பேச்சி. அது என் பிளேட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

7, புதன் (வியாழன் காலையில் எழுதுவது)

நேற்று எழுத முடியவில்லை.

புதன் விடிந்தபோது காற்று அடங்கிவிட்டது. ஆனால் கடலே தெரியவில்லை. தூறல் வெள்ளைத் துணி மாதிரி தொங்குகிறது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படாது. தேடிப் போன படகு இரண்டும் கண் தெரியாமல் திரும்பி வந்துவிட்டன. கரையில் பெண்கள் தகரம் தட்டினார்கள். ஒருவர் சங்கு ஊதினார். அந்தச் சத்தம் கரையையே தாண்டவில்லை.

அஞ்சம்மாள் நேரே என்னிடம் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"அண்ணே, ஒங்க கொழாய் எம்புட்டுத் தூரம் கேக்கும்?"

"காத்து இல்லாட்டி ரெண்டு மைலு போகும்மா. தண்ணி மேல இன்னும் போகும்."

"அதைக் கடலப் பாத்துத் திருப்புங்கண்ணே. அவுகளுக்குக் கரை எங்கிட்டுன்னு தெரியாமத்தான் கெடப்பாக. சத்தம் கேட்டா வந்துருவாக."

எனக்கு இது தோன்றவில்லை. இத்தனை வருஷமாகக் குழாய் கட்டுகிறவன் நான். அவளுக்குத் தோன்றியது.

இருவரும் சிதம்பரத்திடம் போனோம். இட்டிலி தின்றுகொண்டிருந்தார்.

"பேட்டரி தீந்துட்டா தலைவர் சாயங்காலம் என்ன, சைகையிலயா பேசுவாரு?" என்றார்.

"கொஞ்ச நேரம் கூப்புட்டுப் பாப்போங்க. தீராம பாத்துக்கறேன்."

"இவங்கள்லாம் பழக்கப்பட்டவங்கய்யா. கடல்லயே பொறந்து கடல்லயே வளந்தவங்க. வெயிலு வந்தா தானா வந்துருவாங்க. நீ போம்மா, ஒண்ணும் ஆகாது."

கை கழுவினார். சாவியை இடுப்பில் செருகினார். தலைவரைக் கூட்டி வர அறந்தாங்கிக்குக் கார் ஏறிப் போய்விட்டார். அஞ்சம்மாள் அந்தக் கார் போன திசையையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கட்சி ஆட்கள் நாலு பேரைக் கேட்டேன். செயலாளர் சொல்லாமல் திறக்க முடியாது என்றார்கள். பஞ்சாயத்து ஆளைத் தேடினேன், ஊரில் இல்லை. பிறகு காதர் பாய் வந்தார், கையில் கடப்பாரை.

"பூட்டு ஆடு மாடு மாதிரி இல்ல தம்பி. ஒடச்சா கத்தாது" என்றார்.

உடைத்தோம். அதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

ஒரு குழாயை மட்டும் இறக்கிக் கரை ஓரத்து மரத்தில் கட்டினேன், கடலைப் பார்த்து. இன்னொன்றைத் தொடவில்லை. இரண்டு இடத்திலிருந்து சத்தம் வந்தால் படகுக்காரனுக்குத் திசை குழம்பிவிடும். முதலில் நான்தான் மைக்கைப் பிடித்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு ரெண்டு மூணு." எத்தனையோ வருஷமாக இதைத்தானே சொல்கிறேன். அசிங்கமாக இருந்தது. அவளிடம் கொடுத்தேன்.

அவள் மைக்கை வாயோடு ஒட்டிவைத்து அலறினாள். குழாய் ஊளையிட்டது.

"ஒரு சாண் தள்ளிப் புடிம்மா. கத்தாத. வீட்ல எப்படிக் கூப்புடுவ?"

"பேரச் சொல்லக் கூடாதுல்லண்ணே. ஏ பேச்சி அப்பா, சோறு ஆறுதுன்னு கூப்புடுவேன்."

"அதையே கூப்புடு."

கூப்பிட்டாள். "ஏ பேச்சி அப்பா... சோறு ஆறுது, வாங்க... ஏ கருப்பையா, அண்ணனக் கூட்டிக்கிட்டு வா... சோறு ஆறுது..."

கொஞ்சம் கூப்பிட்டு நிறுத்துவாள். நான் பேட்டரியை அணைத்துவிடுவேன். எல்லோரும் காது கொடுப்போம். ஒன்றும் வராது. மறுபடி போடுவேன். தொண்டை கட்டிப்போய், கீச்சென்று வந்தது அவள் குரல். சுற்றி நின்ற பெண்களும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். சீவன் அந்த ஒரு குழாயில்தான் இருந்தது.

தூறலுக்குள்ளிருந்து முதலில் துடுப்புச் சத்தம்தான் வந்தது. அப்புறம் படகு. பாய்மரம் ஒடிந்து பாதிதான் நின்றது. நாகலிங்கம் கரையில் இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"சோறு ஆறுதுன்னு கேட்டுச்சு. நாங்க அதுவரைக்கும் கரைக்கு எதுத்த பக்கம் துடுப்புப் போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

அஞ்சம்மாள் அவரைப் பார்க்கவில்லை. படகுக்குள் பார்த்தாள்.

"கருப்பையா எங்க?"

சன்னாசிதான் சொன்னார். காலையில் மழை கொஞ்சம் விலகியபோது கருப்பாக ஏதோ தெரிந்திருக்கிறது. கரைதான், நான் நீந்திப் போய்ப் படகு கொண்டு வருகிறேன் என்று மிதப்புக் கட்டையைக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டான் கருப்பையா. அது கரை இல்லை. இவர்கள் கூப்பிடக் கூப்பிட மழை மூடிவிட்டது.

காலையில். சிதம்பரம் இட்டிலி தின்றுகொண்டிருந்த காலையில்.

பிறகு என்ன எழுத? தலைவர் வந்தார். மாலை போட்டார்கள். கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை, வண்டி கட்டிக் கூட்டி வந்த வெளியூர்க்காரர்கள்தான். அவர் "பெரியோர்களே" என்றார். குழாய் ஒரு செருமல் செருமிவிட்டு நின்றுபோயிற்று. வெறும் வாயில் பேசிப் பார்த்தார். இரண்டாம் வரிசைக்குக் கேட்கவில்லை. காரில் ஏறிவிட்டார்.

சிதம்பரம் கொட்டகைக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனார். "யாரக் கேட்டுடா பூட்ட ஒடச்ச?" அறை. "ஒங்களத்தானங்க காலையில கேட்டேன்" என்றேன். இன்னொரு அறை. காதர் பாய் நடுவில் வந்திருக்காவிட்டால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன். வரும்படி போகட்டும், சிறைக்குப் போனாலும் போகட்டும் என்றுதான் கை எழும்பியது.

8, வியாழன்

தூறல் விட்டது. கொளுத்துகிற வெயில். இப்போது வந்து என்ன.

கருப்பையா தெற்கே ஒதுங்கினான். தூக்கி வந்தார்கள். நான் அவனை உயிரோடு பார்த்ததே இல்லை. அவன் பெயர் மட்டும் என் குழாய் வழியாகப் போனது, அதுவும் அவன் காது கேட்காத நேரத்தில்.

லாரி வந்தது. "ஏ மைக்கு, ஏறு." ஏறினேன்.

10, சனி

புதுக்கோட்டை. கடை. ஆம்பிளிபயர் வால்வு துடைத்தேன். உப்புக்காற்றில் குழாயின் திருகாணி எல்லாம் துரு.

முதலாளி: "அவரு கை நீட்டுனது தப்புத்தான். ஆனாலும் கட்சிக்காரன் பூட்டு. போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு."

நான்: "எதுக்குங்க?"

முதலாளி: "பொழப்புக்கு."

ஊசி டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சரசு என் கன்னத்தைப் பார்த்தாள். "என்ன இது?" "கொசு." "அஞ்சு வெரலு இருக்கா அந்தக் கொசுவுக்கு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அந்தாளு நல்லா இருப்பானா?" என்றாள். நன்றாகத்தான் இருப்பான் சரசு. அதுதானே எரிச்சல்.

12, திங்கள்

எரிகிறது. உடம்பெல்லாம் எரிகிறது.

கடைச் சுவரில் கட்சிக்காரன் ஒருவன் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். புதன் மாலை அறந்தாங்கியில் மாபெரும் பொதுக்கூட்டம். "தம் ஒலிபெருக்கியையே ஈந்து, கடலில் தத்தளித்த மீனவர் அனைவர் உயிரையும் காத்த தலைவர்." அனைவர். அந்த ஒரு சொல்லை நகத்தால் சுரண்டினேன். பசை ஈரமாக இருந்தது. முதலாளி கையைத் தட்டிவிட்டார்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பான் என்பார்கள். இவர்கள் உடைக்கவே விடாமல் பூட்டிவைத்துவிட்டு, உடைத்தவனையும் அடித்துவிட்டு, புண்ணியக் கணக்கு மட்டும் கேட்கிறார்கள்.

முதலாளி சொன்னது இன்னும் மோசம். "அவுக ஒன்னத்தான் கேட்டாகய்யா. கோட்டைப்பட்டினம் வந்த அதே ஆளுதான் மைக்குக்கு வரணுமாம். தலைவர் சொல்லித்தான் பூட்ட ஒடச்சன்னு சொல்லுவாக. ஒனக்கும் மேடையில துண்டு போடுவாக. பேசாம வாங்கிக்க."

வர முடியாது என்றேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். கடைச் சாவியை மேசை மேல் எறிந்தேன்.

அப்போதுதான் லாரிக்காரன் வந்து காதர் பாய் சொல்லி அனுப்பியதைச் சொன்னான். அஞ்சம்மாளையும் நாகலிங்கத்தையும் மேடைக்குக் கூட்டிப் போகிறார்களாம். அவள் தலைவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பதிலுக்குப் படகுக்குப் புதுப் பாய்மரமும் பாயும். அவளும் சரி என்றுவிட்டாளாம்.

சரி என்றுவிட்டாளா? துக்கம் கழிவதற்கு முன்னாலா? அவள் மேலும் கோபம் வந்தது. உடனே என் மேலும் வந்தது. ஒடிந்த மரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன தின்பார்கள்?

சாவியை எடுத்துக்கொண்டேன். போகிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

14, புதன். அறந்தாங்கி

வெயில். தூசி. நல்ல கூட்டம். இங்கே கரண்ட் உண்டு, பேட்டரி வேண்டாம். குழாய் நான்கு, நாலு திசைக்கும் ஒன்று. சிதம்பரம் இன்றைக்கு எந்தத் திசை என்று கேட்கவில்லை. "வாங்க வாங்க" என்று தோளில் கை போட்டார். கையை எடுத்துக் கீழே விட்டேன்.

என் மேசை மேடைக்குப் பக்கத்தில், தரையில். மின்விசிறி தலைவருக்கு மட்டும். சோடா எனக்கும் வந்தது, குடிக்கவில்லை.

அஞ்சம்மாளைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். புதுப்புடவை அவர்கள் வாங்கிக் கொடுத்ததாக இருக்க வேண்டும், மடிப்புக் கலையவில்லை. நாகலிங்கம் குழந்தையோடு முதல் வரிசையில், தலை குனிந்து. அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, மைக்க ஒரு சாண் தள்ளித்தான புடிக்கணும்?"

"ஆமா."

"கத்த வேணாம்ல?"

"வேணாம். வீட்ல பேசுற மாதிரி பேசு."

மேடையைத் திரும்பிப் பார்த்தாள். "நடுவுல நிறுத்திருவாகளோ?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நிறுத்துறது நான்தான்" என்றேன்.

தலைவர் பேசினார். கடல் கொந்தளித்ததாம். இவர் மனசும் கொந்தளித்ததாம். "என் பேச்சு நின்றாலும் நிற்கட்டும், என் மீனவச் சகோதரன் மூச்சு நிற்கக் கூடாது என்றேன்" என்றார். கைதட்டல். அந்தக் குரலை நாலு திசைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருப்பது என் கை. குமிழை விரல் நுனியில் பிடித்திருந்தேன், வியர்வையில் வழுக்கியது.

சிதம்பரம் அவளை மேடையில் ஏற்றினார். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும்மா என்று மெதுவாகச் சொன்னது மைக்கில் விழுந்து எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. மைக்கை அளந்து, ஒரு சாண் தள்ளி நின்றாள்.

"என் வீட்டுக்காரவுக வந்துட்டாக. கொழாய்ச் சத்தம் கேட்டுத்தான் வந்தாக. நெசந்தான்."

கைதட்டல். தலைவர் கும்பிட்டார்.

"நான் விடிய வந்து கேட்டேன். இந்தா நிக்கிறாகளே இந்த அய்யா, இவுகளத்தான் கேட்டேன். பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டு காருல போயிட்டாக. அண்ணனும் பாயும் பூட்ட ஒடச்சுக் குடுக்கையில உச்சியாயிருச்சு."

சிதம்பரம் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், நிறுத்து நிறுத்து என்று. பார்த்தேன். குமிழை முழுசாகத் திருப்பினேன்.

"என் கொழுந்தன் பேரு கருப்பையா. அவன் காலையில உசுரோட இருந்தான். கரை எங்கிட்டுன்னு தெரியாமக் குதிச்சான். நோட்டீசுல எல்லாரும் பொழச்சாகன்னு போட்டுருக்காகளாம். எனக்குப் படிக்கத் தெரியாது. கருப்பையா பொழைக்கல. ஒங்க பாய்மரம் எங்களுக்கு வேணாம்."

நாலு குழாயும் அதிர்ந்தன. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகலிங்கம் தலையை நிமிர்த்தியிருந்தார்.

கட்சி ஆட்கள் மூன்று பேர் என் மேல் வந்து விழுந்தார்கள். மேசை கவிழ்ந்தது, வால்வு நொறுங்கியது, ஒருவன் என் சட்டையைக் கிழித்தான், இன்னொருவன் வயரைப் பிடுங்கினான். அதற்குள் அவள் சொல்லி முடித்திருந்தாள்.